வைரசு நோயும் பிறவிக் காவலும்

ஒரு வீட்டிலே இரு பிள்ளைகள் ஒரே கிழமையிற் காய்ச்சலுற்றுப் படுக்கின்றனர். இருவரும் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவர்; ஒரே பானைச் சோற்றை உண்டவர்; ஒரே பாயிற் படுத்தவர். இருவரையும் பற்றியதும் ஒரே வைரசு. மூன்றாம் நாள் மூத்தவன் எழுந்து முற்றத்தில் விளையாடுகின்றான். இளையவளோ வைத்தியசாலையில் உயிருக்குப் போராடுகின்றாள். இவ்வேறுபாடு எதனால் விளைந்தது? அயலவருள் ஒருவர் நாவூறு என்பர். ஒருவர் ஊழ் என்பர். பிறிதொருவர் தாயின் கவனக்குறைவு என்று காதோடு காதாகச் சொல்வர். வைத்தியரும் நெடுங்காலம் ‘பலவீனமான பிள்ளை’ என்னும் ஒரு தொடராலேயே இவ்வினாவைக் கடந்து சென்றனர். ஆயின், அத்தொடர் விடையாகாது. வினாவையே வேறு சொல்லால் மீட்டுங் கூறுவதேயாம்.

சென்ற முப்பது ஆண்டுகளுள் இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்துள்ளது. நம் உடலை நோயினின்றுங் காக்கும் நிர்ப்பீடனத் தொகுதியை ஆக்கும் பரம்பரையலகுகள் எல்லா மாந்தரிடத்தும் ஒரே படியாய் அமைந்தில. அவற்றுள் ஒன்றிலே நேர்ந்த ஒரெழுத்துப் பிழையும் ஒரு குறித்த வைரசின் முன்னே ஒரு பிள்ளையைக் காவலற்றவளாக்கி விடலாம். அக்காவல் எவ்வாறு நடைபெறுகின்றது, எவ்விடத்தே தவறுகின்றது, அத்தவற்றை அறிந்தமையால் நாம் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வினா

நோயுண்டாக்கும் நுண்ணுயிர் உடலினுட் புகுதல் வேறு. நோய் தோன்றுதல் வேறு. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவருள் ஒருவர் துனிசு நகரிலே ஆராய்ச்சி நிகழ்த்திய பிரெஞ்சு அறிஞர் சார்ல்சு நிக்கோல் ஆவர். பேன்களாற் பரவும் டைபசுக் காய்ச்சலை ஆராய்ந்து 1928 ஆம் ஆண்டு நோபெற் பரிசு பெற்ற அவர், கிருமி உடலில் வளர்ந்தும் நோய்க்குறி எதனையும் புறத்தே காட்டாத தொற்றுக்கள் உண்டு என்பதை நிறுவினார். இதற்கு இளம்பிள்ளைவாதத்தைச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம். போலியோ வைரசு பற்றிய பிள்ளைகளுட் பெரும்பாலார் நோயொன்று வந்ததென்றே அறியார். ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவருக்கே கை கால் முடங்கும். இலங்கையில் இந்நோயின் இறுதி நோயாளி 1993 ஆம் ஆண்டிற் காணப்பட்டார். ஆதலின் இன்றைய மாணவர் அதனை நேரிற் கண்டிலர். முந்திய தலைமுறையினரோ, ஒரே தெருவில் நூறு பிள்ளைகள் ஓடித்திரிய ஒரு பிள்ளை மாத்திரம் கோலூன்றி நடந்த காட்சியை அறிவர். அவ்வொரு பிள்ளை ஏன் என்பதே நம் வினா.

இவ்வினாவுக்குப் பல விடைகள் உள. புகுந்த வைரசின் அளவு, பிள்ளையின் வயது, ஊட்டநிலை, முன்னர் நேர்ந்த தொற்று, தடுப்பூசி ஆகிய அனைத்தும் நோயின் போக்கை மாற்றுவன. போதிய உணவின்றி மெலிந்த பிள்ளைக்கும் உயிர்ச்சத்து ஏ குறைந்த பிள்ளைக்குஞ் சின்னமுத்துக் கொடியது என்பது ஐயமற நிறுவப்பட்டது. எனினும், இவை அனைத்துஞ் செவ்வையாயிருந்தும் மாண்ட பிள்ளைகள் உளர். ‘பிறவியிலேயே வளர்சிதைமாற்றப் பிழைகள் உள’ என்ற கருத்தை 1908 இல் வெளியிட்ட ஆங்கில வைத்தியர் ஆர்ச்சிபால்ட் கரட், 1931 இல் எழுதிய வேறொரு நூலில், நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பும் ஒவ்வொருவரிடத்தும் பிறப்போடு வருவதாகலாம் எனக் கருதினார். அக்கருத்தைச் சோதிக்கும் வழி அந்நாளில் இருந்திலது.

சூழலையும் பரம்பரையையும் பிரித்தறிதல் எளிதன்று. பெற்றோர் தம் பிள்ளைகட்குப் பரம்பரையலகுகளை மாத்திரமன்றி வீட்டையும் வறுமையையும் வழக்கங்களையும் சேர்த்தே கொடுக்கின்றனர். இத்தடையை நீக்க டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் ஒரு நல்ல வழி கண்டனர். 1924 முதல் 1926 வரையிற் பிறந்து, மிக இளமையிலேயே உறவினரல்லாத பிறரால் மகவாக ஏற்று வளர்க்கப்பட்டோரின் வரலாறுகளை அவர்கள் ஆராய்ந்தனர். 960 குடும்பங்கள் இவ்வாராய்ச்சிக்கு உட்பட்டன. 1988 இல் வெளியான அதன் முடிபு வியப்பைத் தந்தது. பெற்ற தாய் தந்தையருள் ஒருவர் ஐம்பது வயதுக்கு முன் தொற்றுநோயால் இறந்திருப்பின், மகவும் தொற்றுநோயால் இளமையில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காயிருந்தது. வளர்த்த பெற்றோர் தொற்றுநோயால் இறந்தமையோ அத்தகைய தொடர்பைக் காட்டிலது. ஒரே வீட்டில் வாழ்ந்தமையிலும் ஒரே குருதி வழியில் வந்தமையே இங்கு வலியதாயிற்று. ஆயின், அக்குருதி வழியில் வந்தது யாது? அதனை அறியக் காவல் நடைபெறும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

காவல் நடைபெறும் முறை

நம் உடலின் காவல் இருவகைப்படும். ஒன்று, பகைவனை ஒருமுறை கண்டு பழகிப் பின்னர் அவனுக்கேற்ற படைக்கலஞ் செய்வது. பிறபொருளெதிரிகளும் நினைவு வைத்திருக்கும் வெண்குருதிக் கலங்களும் இவ்வகையின. இது வலிமை மிக்கது. ஆயினும் முதன்முறை ஆயத்தமாவதற்கு ஒரு கிழமைக்கு மேற் செல்லும். மற்றையது, பகைவன் இன்னான் என்று அறியாதே, அயலான் ஒருவன் புகுந்தான் என்ற அளவிலே உடனே எழுவது. இதுவே பிறவிக் காவல். சிறு பிள்ளைக்குப் பெரும்பாலான வைரசுகள் புதியன. ஆதலின் முதற் சில நாள்களில் அப்பிள்ளையின் உயிர் இப்பிறவிக் காவலையே பெரிதும் நம்பி நிற்கின்றது.

பிறவிக் காவலின் உயிர்நாடியான பொருளை 1957 இல் இலண்டனிலே அலிக் ஐசாக்சு, ழான் லிண்டன்மன் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். வைரசு தாக்கிய கலங்கள் ஒரு பொருளை வெளிவிடுகின்றன. அப்பொருள் பட்ட ஏனைய கலங்களில் வைரசு பெருக மாட்டாது தடைப்படுகின்றது. வைரசின் பெருக்கத்தில் இடையிட்டுத் தடுத்தலின் அதற்கு இன்டர்பெரோன் எனப் பெயரிட்டனர்.

இதன் தொழிலை ஓர் ஊர்க்காவலோடு ஒப்பிட்டு நோக்கலாம். இரவிலே கள்வன் புகுந்தால் மூன்று காரியங்கள் நிகழல் வேண்டும். முதலாவது, காவற்காரன் அவனைக் காணல் வேண்டும். இரண்டாவது, கண்டவன் பறையை ஓங்கி அறைதல் வேண்டும். மூன்றாவது, ஊரார் அவ்வொலியைக் கேட்டுத் தத்தங் கதவுகளைத் தாழிடல் வேண்டும். இம்மூன்றில் எது தவறினும் ஊர் கொள்ளை போகும். கலங்களிடத்தும் இவ்வாறே. வைரசு பெருகுங்காற் பெரும்பாலுந் தோன்றும் ஈரிழை ஆர்.என்.ஏ. என்னும் பொருளைக் கண்டறியும் வாங்கிகளுள் ஒன்று ரி.எல்.ஆர். 3 எனப்படும். அது காவற்காரன். அது தரும் குறிப்பைப் பெற்று இன்டர்பெரோனைப் பெருமளவில் ஆக்குவிக்கும் புரதங்களுள் ஒன்று ஐ.ஆர்.எப். 7. அதுவே பறையறைவோன். வெளிவந்த இன்டர்பெரோனை ஏற்கும் வாங்கி, அயற் கலங்களின் புறத்தே ஐ.எப்.என்.ஏ.ஆர். 1, ஐ.எப்.என்.ஏ.ஆர். 2 என்னும் இரு பகுதிகளால் ஆயது. அது ஊராரின் செவி. செவி கேட்டதும், கலத்தினுள்ளே நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் விழித்தெழுந்து வைரசின் பெருக்கத்தைத் தடுக்கின்றன.

இங்ஙனம் வகுத்து நோக்கின், ஆராய்ச்சியாளர் கண்டவை இம்மூன்று இடங்களிலுமே அமைந்திருத்தல் புலனாகும்.

காவல் தவறும் இடங்கள்

முதலாவது, காவற்காரன். உதட்டிலே கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பீசு வைரசு உலகிற் பெரும்பான்மையோரைப் பற்றுவது. பற்றியோருட் பெரும்பாலார்க்கு அது பெருந்தீங்கு செய்வதில்லை. மிகச் சிலரிடத்தே மாத்திரம் அது மூளையை அடைந்து கொடிய அழற்சியை விளைக்கின்றது. மருந்தின்றி விடின் அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மர் இறப்பர். பிழைத்தோர் பலரும் வலிப்பும் அறிவுக்குறையும் உடையராவர். நலமுடன் ஓடியாடிய பிள்ளையை இந்நோய் திடீரெனத் தாக்குவதால், இஃது ஏன் என்பதை எவராலும் உரைக்க முடிந்திலது.

பாரிசிலே சோன்-லோறன் கசனோவா என்னும் குழந்தை வைத்தியரும் அவர்தங் குழுவினரும் இவ்வினாவை மேற்கொண்டனர். 2006 இல், உறவுமுறையில் மணம்புரிந்த பெற்றோர்க்குப் பிறந்த இரு பிள்ளைகளிடத்தே யு.என்.சி. 93பி1 என்னும் பரம்பரையலகு கெட்டிருத்தலை அவர்கள் கண்டனர். ரி.எல்.ஆர். 3 போன்ற வாங்கிகளைத் தமக்குரிய இடத்திற் கொண்டு சேர்ப்பது அப்பரம்பரையலகின் புரதமாகும். மறு ஆண்டில் ரி.எல்.ஆர். 3 இலேயே பிழையுள்ள வேறு பிள்ளைகளைக் கண்டனர். இவற்றுட் குறிப்பிடத்தக்கது யாதெனின், இப்பிள்ளைகள் ஏனைய வைரசுகளையும் பக்ரீறியங்களையும் பொதுவாக நம்போலவே எதிர்த்து வாழ்ந்தனர் என்பதேயாம். அவர்கள் ‘பலவீனமான பிள்ளைகள்’ அல்லர். காவல் மதிலில் ஒரேயொரு கல் இல்லை. அவ்விடைவெளி அமைந்ததோ மூளையில். அவ்வழியே புகவல்ல பகைவன் இந்த ஒரு வைரசு. உடலின் ஏனைய பகுதிகளிலே வேறு காவலர் பலர் உளர். மூளையின் கலங்களோ இந்தக் காவலனையே சிறப்பாக நம்பியுள்ளன எனப் பின்வந்த சோதனைகள் காட்டின.

இரண்டாவது, பறையறைவோன். இன்புளுவென்சா ஆண்டுதோறும் எண்ணற்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு கிழமையில் விட்டு நீங்குவது. பிரான்சு நாட்டிலே இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது நுரையீரலை முற்றாகத் தாக்கி, மூச்சுவிடற்குப் பொறியின் துணை வேண்டிய நிலையை உண்டாக்கிற்று. அவளிடத்தே ஐ.ஆர்.எப். 7 இன் இரு படிகளும் கெட்டிருந்தன என 2015 இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஒரு பழுதான படி தந்தையிடமிருந்தும், வேறுவகையிற் பழுதான மற்றொரு படி தாயிடமிருந்தும் வந்தவை. பெற்றோர் இருவரும் நலமுள்ளவரே. ஏனெனில் ஒவ்வொருவரிடத்தும் பழுதற்ற படி ஒன்று இருந்தது. சிறுமியின் கலங்கள் வைரசைக் கண்டன; ஆயின், பறை ஒலித்திலது. அவள் பிழைத்தெழுந்தாள். பின்னர் ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி பெற்று வளர்ந்தாள். பிறவிக் காவல் தவறிய இடத்தை, பழகிக் கற்கும் காவல் நிரப்ப வல்லது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

மூன்றாவது, ஊராரின் செவி. 2015 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகர ஆராய்ச்சியாளர் ஒரு குழந்தையைப் பற்றி அறிவித்தனர். சின்னமுத்து, கூகைக்கட்டு, உரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியில் வலுவிழந்த உயிருள்ள வைரசுகள் உள. பல கோடி பிள்ளைகட்கு நன்மையே செய்த அவ்வூசி அக்குழந்தைக்கு மூளையழற்சியைத் தந்து உயிரைக் கவர்ந்தது. காரணம், ஐ.எப்.என்.ஏ.ஆர். 2 முற்றாக இன்மை. இன்டர்பெரோன் சுரந்தது, கேட்கச் செவி இருந்திலது. 2019 இல் ஐ.எப்.என்.ஏ.ஆர். 1 இலும் இத்தகைய பழுதுடைய நோயாளர் கண்டறியப்பட்டனர்.

புதுநோயொன்று உலகைச் சூழ்ந்தபோதும் இதே வழி மீண்டும் வெளிப்பட்டது. 2020 முதற் பரவிய கொவிட் நோய் பிள்ளைகளிற் பெரும்பாலார்க்கு இலேசாயிருந்தது. நுரையீரல் அழற்சியோடு வைத்தியசாலை சேர்க்கப்பட்ட 112 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அவர்களுட் பன்னிருவரிடத்தே இன்டர்பெரோன் வழியிற் பிறவிக் குறைபாடு காணப்பட்டதென 2022 இல் அறிவிக்கப்பட்டது. பத்திலொரு பங்கு என்பது சிறிதன்று. அதேவேளை, மீதி ஒன்பது பங்கினரிடத்தே அக்குறை காணப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

பெரும் பழுதும் சிறு வேறுபாடும்

மேற்கூறியவை யாவும் அரியன. ஒரு பரம்பரையலகு முற்றாகக் கெடுவதால் விளைவன. இவற்றின் வேறாய், மக்களிடையே பரவலாகக் காணப்படும் சிறு வேறுபாடுகளும் உள. அவை தனித்தனியே சிறிதளவே நோய் வாய்ப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

நம் நாட்டினர்க்கு நன்கு அறிமுகமான டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் இந்நோயாளராய்ப் பதியப்பட்டனர். ஒரு வகை டெங்கு வைரசு முன்னர் பற்றிய பிள்ளையை வேறொரு வகை பின்னர் பற்றும்போது நோய் கடுமையாதல் கூடும் என்பது தெரிந்ததே. எனினும், அந்நிலையிலும் எல்லாப் பிள்ளைகளும் அதிர்ச்சி நிலையை அடைவதில்லை. வியற்நாமிலே அதிர்ச்சி நிலையுற்ற ஈராயிரம் பிள்ளைகளின் பரம்பரையலகுகளை ஏறத்தாழ அதே தொகையான பிறருடையவற்றோடு ஒப்பிட்டு, ஐயத்தை நீக்க வேறொரு தொகுதியினரிடத்தும் சரிபார்த்து, 2011 இல் ஒரு முடிபு வெளியிடப்பட்டது. எம்.ஐ.சி.பி., பி.எல்.சி.ஈ. 1 என்னும் இரு பரம்பரையலகுகளின் வேறுபாடுகள் அந்நிலையோடு தொடர்புடையன. முன்னையது, தொற்றுற்ற கலங்களை அழிக்குங் காவற் கலங்கட்கு அடையாளங் காட்டுவது. பின்னையது, குருதிக் கலன்களின் சுவர் தொடர்பான தொழிலுடையதாகக் கருதப்படுவது. டெங்கில் உயிருக்கு ஊறு செய்வது கலன்களின் சுவரூடாக நீர் கசிதலே என்பதை எண்ணின் இவ்விரண்டாவது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும், இவ்வேறுபாடு ஒவ்வொன்றும் நோய் வாய்ப்பை மூன்றிலொரு பங்கு கூட்டுவது அல்லது ஐந்திலொரு பங்கு குறைப்பது போன்ற அளவினதே. இதைக்கொண்டு தனியொரு பிள்ளையின் விதியை எவரும் எழுத முடியாது. வாளியிலே தேங்கிய நீரைக் கொட்டுதல் இதனிலும் பெரும் பயன் தரும்.

குறை எப்பொழுதுங் கேடாய் முடிவதுமில்லை. எப்.யு.ரி. 2 என்னும் பரம்பரையலகு குடலின் உட்சுவரிலே ஒருவகைச் சர்க்கரையை அமைக்க உதவுவது. ஐரோப்பியருள் ஏறத்தாழ ஐந்திலொருவரிடத்தே அது தொழிற்படுவதில்லை. வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நோரோவைரசுகளுட் பல அச்சர்க்கரையைப் பற்றியே உட்புகுவன. பற்றுதற்குப் பிடியில்லாமையால் அவை அப்பிள்ளைகளிடத்தே தோற்று நீங்குகின்றன. பழுதே அங்கு காவலாய் நிற்கின்றது.

காவல் மிகினுந் தீங்கு விளையும். ஏக்கார்டி-கூற்றியே எனப் பெயர் பெற்ற நோயுடைய குழந்தைகளிடத்தே, பரம்பரையலகுப் பழுதொன்றால், வைரசு எதுவும் இன்றியே இன்டர்பெரோன் இடையறாது சுரக்கின்றது. கருவிலேயே வைரசு தாக்கிய குழந்தையைப் போல அவர்களின் மூளை சிதைகின்றது. கள்வன் வாராதபோதும் ஓயாது பறையறைந்தால் ஊர் உறங்க முடியாது. நோய் செய்வது குறைவு மாத்திரமன்று, மிகுதியுமே என்னும் வள்ளுவர் கருத்து இங்கும் பொருந்துவதாகும். நிர்ப்பீடனப் பரம்பரையலகுகள் மக்களிடையே ஒரே படியாய் அமையாமைக்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பகைவன் முன் நன்மையாவது வேறொரு பகைவன் முன் தீமையாகும். எக்காலத்துக்கும் எல்லாத் தொற்றுக்கும் ஏற்ற ஒரே உடல் என்பது உலகில் இல்லை.

சமோவா தரும் பாடம்

இவ்வறிவைப் பயன்படுத்துங்கால் தவறான வழியிற் செல்லாதிருத்தல் மிக இன்றியமையாதது. பசிபிக்குச் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுகளை நோக்குவோம். மேற்குப் பொலினீசிய மக்களிடையே ஐ.எப்.என்.ஏ.ஆர். 1 இன் தொழிற்படாத படியொன்று நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலான அளவிற் பரவியிருத்தல் 2022 இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், ஆட்டிக்குப் பகுதியில் வாழும் இனூயிற்று மக்களிடையே ஐ.எப்.என்.ஏ.ஆர். 2 இன் தொழிற்படாத படியொன்று இருத்தலுங் காணப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அப்படியைப் பெற்ற பிள்ளைக்கே இடர் உண்டு. நூற்றில் ஒன்றாயின், அத்தகைய பிள்ளை ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒருவராதல் கணக்கால் விளங்கும். அப்பிள்ளைக்கு உயிருள்ள வைரசுத் தடுப்பூசி ஊறு செய்யலாம். ‘ஆயின் தடுப்பூசியையே நிறுத்திவிடலாமே’ என்று ஒருவர் கருதக்கூடும்.

அவ்வாறு கருதுவோர்க்குச் சமோவாவின் வரலாறே விடை கூறும். 2018 சூலையில் இரு குழந்தைகள் அங்கு சின்னமுத்துத் தடுப்பூசி பெற்ற உடனே இறந்தனர். அதற்குக் காரணம் பரம்பரையலகு அன்று, ஊசியின் மருந்துமன்று. மருந்துத் தூளை நீரிற் கரைப்பதற்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் வேறொரு மருந்திற் கரைத்த மனிதப் பிழையே. எனினும் அச்சம் பரவிற்று. ஊசித் திட்டம் பல மாதங்கள் நின்றது. அவ்வாண்டிற் குழந்தைகளில் மூன்றிலொரு பங்கினருக்குங் குறைவானவர்களே முதல் ஊசியைப் பெற்றனர். 2019 இன் பிற்பகுதியிற் சின்னமுத்து அத்தீவுகளை அடைந்தது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழும் அச்சிறு நாட்டில் 5,700 பேர் நோயுற்றனர். 83 பேர் மாண்டனர். மாண்டோருட் பெரும்பாலார் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இறுதியில் அரசு நாட்டின் அலுவல்களை நிறுத்தி, ஊசி பெறாதார் உள்ள வீடுகளின் வாயிலிற் செந்துணி கட்டுமாறு பணித்து, வீடு வீடாகச் சென்று ஊசியிட்டே நோயை அடக்கிற்று.

அரிதான குறைபாடுடைய ஒரு பிள்ளையைக் காக்கும் வழியும் ஊரார் யாவரும் ஊசி பெறுதலே. ஊசியைத் தாங்க மாட்டாத பிள்ளைக்குச் சூழவுள்ளார் அனைவருமே மதிலாவர். அம்மதில் இடியின், அப்பிள்ளையைப் பற்றுவது வலுவிழந்த வைரசன்று; முழுவலிமையுள்ள வைரசாகும். இது பசிபிக்கிற்கு மாத்திரம் உரிய பாடமுமன்று. சின்னமுத்து நீங்கிய நாடென 2019 இற் சான்று பெற்ற இலங்கையிலேயே 2023 ஆம் ஆண்டில் அந்நோய் மீண்டுந் தலைகாட்டிற்று.

நாம் கொள்ளத்தக்கவை

இவற்றால் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள.

முதலாவது, பரம்பரையலகு தீர்ப்பன்று, வாய்ப்பே. ரி.எல்.ஆர். 3 பிழையுடைய பிள்ளையின் உறவினர் சிலரிடத்தே அதே பிழை இருந்தும், அதே ஹெர்ப்பீசு வைரசு அவர்களைப் பற்றியிருந்தும், அவர்களுக்கு மூளையழற்சி வந்திலது. வயதும் பிற பரம்பரையலகுகளும் தற்செயலும் அதனோடு கூடியே நோயை ஆக்குகின்றன. இதுகாறும் கண்டறியப்பட்ட பழுதுகள் மூளையழற்சியுற்ற பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரின் நோய்க்கே காரணங் கூறுவன.

இரண்டாவது, இத்தகைய பழுதுகளுட் பல இரு பெற்றோரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படா. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் நம்மவரிடத்தும் உண்டு. உடன்பிறந்தோரின் மக்கள் தம்முள் மணந்தால், அவர்களின் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் ஒரே படி இருவழியாலும் வந்து சேரும் வாய்ப்பு ஒரு பரம்பரையலகுக்குப் பதினாறில் ஒன்றாகும். இவ்வாறு மணந்தோரின் பிள்ளைகளுட் பெரும்பாலார் நலமுடனே வாழ்கின்றனர், ஆதலின் அஞ்சுதற்கில்லை. ஆயின், முன்னொரு பிள்ளை இளமையிலே காரணந் தெரியாத தொற்றால் இறந்த குடும்பத்தார் அதனை மறையாது வைத்தியரிடஞ் சொல்லுதல் வேண்டும். அவ்வொரு செய்தி அடுத்த பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடும். உயிருள்ள வைரசு ஊசி இடுவதற்கு முன்னர் வைத்தியர் அறிய வேண்டியதும் அதுவே.

மூன்றாவது, காரணத்தை அறிதற்கு முன்னரே செய்யத்தக்கது உண்டு. காய்ச்சலோடு வலிப்போ, மயக்கமோ, பேச்சிலும் நடத்தையிலும் மாற்றமோ ஒரு பிள்ளையிடங் காணின், ஒருநாட் பொழுதும் தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். ஹெர்ப்பீசு மூளையழற்சிக்கு அசைக்குளோவிர் என்னும் மருந்து உண்டு. சோதனை முடிபு வரும்வரை காத்திராது, ஐயம் எழுந்த அளவிலேயே அதனைத் தொடங்குவது வைத்தியரின் வழக்கம். இங்கு மணித்தியாலங்களே மூளையைக் காப்பன.

நான்காவதாகக் கூறத்தக்கது தாய்மாரைப் பற்றியது. வைரசு நோயாற் பிள்ளையை இழந்த தாய், தான் குளிரில் விட்டமையாலோ, தலை முழுகவார்த்தமையாலோ, நேரத்துக்கு உணவூட்டாமையாலோ பிள்ளை மாண்டதென எண்ணி ஆயுள் முழுவதும் உள்ளே எரிகின்றாள். ஊராரும் அத்தீயை ஊதி வளர்ப்பர். மேலே கூறிய பிள்ளைகளின் தாய்மாருள் எவரும் செய்த பிழை ஒன்றுமில்லை. பல்லாயிரம் எழுத்துக்களாலான ஒரு புரதத்தின் குறிப்பிலே ஓரெழுத்து மாறியிருந்தது. அது தாயும் அறியாதது, தந்தையும் அறியாதது, அவர்தம் முன்னோரும் அறியாதது. பழியை ஒருவர்மேற் சுமத்துதற்கு அங்கு இடமேயில்லை.

எனவே, ஒரே பாயிற் படுத்த இரு பிள்ளைகளுள் ஒருவர் எழ மற்றவர் எழாதவிடத்து, ‘பிள்ளை பலவீனம்’ என்றோ ‘தாய் கவனித்திலள்’ என்றோ கூறி அமைதல் அறிவுடைமையாகாது. காவலில் எந்தக் கல் இல்லை என்று வினாவுதலே அறிவு. அக்கல்லைக் கண்டறிதல் விஞ்ஞானிகளின் கடன். காணும்வரை அப்பிள்ளைக்கு மதிலாய் நிற்றல் நம் அனைவரின் கடனாம்.